பச்சை தெரிந்தால் போதுமா? சுரங்க நிலம் மீண்டதா என்று மதிப்பிடும் முறைகள்

மூடப்பட்ட சுரங்கங்கள் பற்றிய செய்திகளில் ஒரே இடத்தைப் பற்றி முரண்பட்ட இரண்டு கூற்றுகள் அருகருகே வருவது வழக்கம். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையையும் செயற்கைக்கோள் படத்தையும் காட்டி, நிலம் மீட்கப்பட்டுவிட்டது என்கிறது ஒரு தரப்பு. அங்கே இருப்பது காடே அல்ல என்கிறது மறுதரப்பு. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். பல நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஒருவர் அளந்ததை மற்றவர் அளக்கவில்லை, அவ்வளவுதான். எதை அளந்தால் எது தெரியும், எது கண்ணில் படாமல் நழுவும் என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சச்சரவில் பாதி தெளிந்துவிடும்.

## சுரங்கம் விட்டுச்செல்லும் மண்

திறந்தவெளிச் சுரங்கத்தில் தாதுவையோ நிலக்கரியையோ எட்டும் முன் அதற்கு மேலிருக்கும் அனைத்தும் அகற்றப்படுகின்றன. முதலில் மெல்லிய மேல்மண். அதன் கீழே பல மீட்டர் ஆழத்துக்குப் பாறை. வெடிவைத்து உடைத்து, லாரியில் ஏற்றி, ஓரிடத்தில் குவிக்கிறார்கள். சுரங்கம் முடிந்ததும் அந்த உடைபாறையே குழியில் நிரப்பப்படுகிறது, அல்லது மேடாகவே விடப்படுகிறது. ஆக, கன்று நடப்போகும் பரப்பு வேரையும் வெயிலையும் அதுவரை பார்த்திராத பொருளால் ஆனது. அதில் நான்கு சிக்கல்கள் உண்டு.

1. இறுக்கம். நூறு டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிகளும் புல்டோசர்களும் திரும்பத் திரும்ப ஓடிய தரை இது. நல்ல மேல்மண் ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.1 முதல் 1.4 கிராம் வரை எடையிருக்கும். 1.7 கிராமைத் தாண்டினால் பெரும்பாலான வேர்கள் உள்ளே இறங்கத் திணறும். புல்லுக்கு ஒரு சாண் ஆழம் போதும் என்பதால் அது தழைத்துவிடும். மரத்தின் வேரோ பக்கவாட்டில் ஓடிச் சுருண்டு, முதல் கடுங்கோடையில் மரத்தைக் கைவிட்டுவிடும்.

2. தழைச்சத்துப் பஞ்சம். பாறையில் நைட்ரஜன் அநேகமாக இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆண்டனி பிராட்ஷா, கைவிடப்பட்ட சுரங்க நிலங்களில் இதை விரிவாக ஆராய்ந்தவர். அவருடைய கணக்கு எளிமையானது. வளர்ந்த தாவரக் கூட்டத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 கிலோ நைட்ரஜன் வேண்டும். மண்ணில் சேர்ந்திருக்கும் இருப்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மட்கி வெளிவரும். எனவே தன் காலில் நிற்கும் தாவரக் கூட்டத்துக்கு ஹெக்டேருக்குச் சுமார் 1,000 கிலோ இருப்பு தேவை. உரமூட்டைகளால் இந்த இருப்பை உருவாக்க முடியாது. அவரை இனச் செடிகளும் காலமும் சேர்ந்துதான் உருவாக்க வேண்டும்.

3. அமிலம். நிலக்கரிப் படுகைகளிலும் பல உலோகத் தாதுக்களிலும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். பாக்டீரியாக்கள் அந்த வேலையைப் பல மடங்கு விரைவாக்கும். ஆயிரம் டன் மண்ணில் ஒரு சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தால், அது உண்டாக்கும் அமிலத்தை நடுநிலையாக்க 31.25 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஒரு ஹெக்டேரின் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணுக்கு மட்டும் கணக்கிட்டால் 140 டன்னை எட்டுகிறது.

4. உயிரின்மை. வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள், மட்கச்செய்யும் நுண்ணுயிர்கள், மண்ணில் உறங்கும் விதைகள் ஆகியவை மேல்மண்ணின் முதல் சில சென்டிமீட்டர்களில்தான் செறிந்திருக்கின்றன. அந்த மண்ணைத் தனியே எடுத்து உடனே வேறொரு பரப்பில் விரித்தால் அவற்றில் பெரும்பகுதி பிழைக்கும். உயரக் குவித்து ஆண்டுக்கணக்கில் விட்டால் விதைகள் முளைத்திறன் இழக்கின்றன, பூஞ்சைகள் குறைகின்றன. பெயருக்கு மேல்மண் இருக்கும், வேலைக்கு இருக்காது.

பிறகு எழும் வாதங்கள் எல்லாவற்றுக்கும் இந்த நான்கில்தான் வேர் இருக்கிறது. பசுமையாகத் தெரியும் ஒரு பரப்பில் இவை தீர்ந்திருக்கலாம், வெறுமனே மூடப்பட்டும் இருக்கலாம்.

## எது வெற்றி என்று முன்பே எழுதப்பட்டதா?

சுரங்க நில மீட்பில் "வெற்றி" என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு நோக்கங்களுக்குப் பயன்படுகிறது. முதலாவது, நிலத்தை நிலைப்படுத்துவது: மண் அரிக்கக் கூடாது, தூசி பறக்கக் கூடாது, சரிவு இடியக் கூடாது. இரண்டாவது, ஏதோவொரு பயனுக்குத் திருப்புவது: மேய்ச்சல், வேளாண்மை, மரத்தோப்பு. மூன்றாவது, முன்பிருந்த சூழலமைவை அதன் இனங்களோடும் இயக்கங்களோடும் மீட்பது. ஒரே புல்லினம் அடர்ந்த சரிவு முதல் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும், இரண்டாவதில் ஒருவேளை தேறும், மூன்றாவதில் தோற்கும்.

சட்டங்களும் நோக்கத்தைப் பல இடங்களில் கலந்தே எழுதுகின்றன. இந்தியாவில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் வளர உகந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும் என்பதைக் குத்தகை நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. தீவனத்துக்கு உகந்த நிலமும் காட்டுயிர்களுக்கு உகந்த நிலமும் ஒன்றாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எதை எந்த அளவுக்கு என்று யாரோ பின்னர் எண்ணாக எழுதியாக வேண்டும். அப்படி எழுதப்படுபவை நிறைவு அளவுகோல்கள். சுரங்கம் தோண்டும் முன்பே அவை எழுதப்பட்டிருந்தால் நம்பலாம். செடி வளர்ந்த பிறகு, அதுவரை வளர்ந்ததற்கேற்ப எழுதப்பட்டவை அளவுகோல்களே அல்ல.

## எதோடு ஒப்பிடுவது?

பொதுவான விடை, ஒப்பீட்டு நிலம். அருகிலேயே, அதே சரிவும் மழையும் உள்ள, தோண்டப்படாத ஒரு பரப்பைத் தேர்ந்து, இரண்டையும் ஒரே பருவத்தில் அளப்பார்கள். மழை குறைந்த ஆண்டில் இரண்டு பக்கமும் ஒன்றாக வாடும் என்பதால் வானிலையின் குறுக்கீடு கழிந்துவிடும். இந்த முறையின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே வெட்டப்பட்டு, மேய்ந்து தீர்ந்த பரப்பை ஒப்பீட்டு நிலமாகத் தேர்ந்துகொண்டால் தேர்வே எளிதாகிவிடும்.

அமெரிக்காவில் 1977-இல் இயற்றப்பட்ட மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் விதிகள் இதை எண்களாகச் சொல்கின்றன. தாவரப் போர்வை (அதாவது தரையில் செடிகள் மூடியிருக்கும் பங்கு), உற்பத்தி போன்றவை நிர்ணயித்த தரத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாதிரி எடுப்பு 90 சதவீதப் புள்ளியியல் நம்பகத்தோடு அமைய வேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பெரும்பாலான செய்திகள் தாண்டிச் சென்றுவிடுகின்றன. தீர்ப்பையே புரட்டிப்போடக்கூடியது அதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒப்பீட்டு நிலத்தில் தாவரப் போர்வை 70 சதவீதம். அதில் 90 சதவீதம் என்றால் தேற வேண்டிய அளவு 63. மீட்ட நிலத்தில் அளந்த சராசரி 60, அதாவது குறைவு. மாதிரிகளுக்கிடையே வேறுபாடு (திட்டவிலக்கம்) 15 அலகு. ஐந்தே மாதிரிகள் எடுத்திருந்தால் உண்மைச் சராசரி 70 வரைகூட இருக்கக்கூடும் என்றுதான் புள்ளியியல் சொல்லும். ஐம்பது மாதிரிகள் எடுத்திருந்தால் 62.8-க்கு மேல் போக வாய்ப்பில்லை என்று சொல்லும். இப்போது கேள்வி, நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பது.

1. "தோற்றது என்று நிரூபிக்கும்வரை வென்றது" என்று வைத்துக்கொண்டால், ஐந்து மாதிரியோடு போன நிறுவனம் தேறிவிடும். ஐம்பது மாதிரி எடுத்த நிறுவனம் தோற்கும். குறைவாக அளந்தவருக்குப் பரிசு.

2. "வென்றது என்று நிரூபிக்கும்வரை தோற்றது" என்று வைத்துக்கொண்டால் நிலை தலைகீழ். உண்மையிலேயே சராசரி 66 இருக்கும் நல்ல நிலம்கூட ஐந்து மாதிரியில் தேறாது. அதே நிலம் ஐம்பது மாதிரியில் தேறும், ஏனெனில் அப்போது அதன் கீழ்வரம்பு 63.2. நன்றாக அளப்பதில் நிறுவனத்துக்கே ஆதாயம்.

என் பார்வையில் இரண்டாவது முறைதான் நேர்மையானது. நிலத்தைத் தோண்டியவர் தரப்பிலேயே பணமும் ஆளும் இருக்கின்றன. ஆனாலும் "புள்ளியியல் அடிப்படையில் வேறுபாடு இல்லை" என்ற வாசகம் அறிக்கைகளில் வெற்றிச் சான்றாகவே இடம்பெறுகிறது. அதைக் கண்டால் முதலில் மாதிரிகளின் எண்ணிக்கையைத் தேட வேண்டும்.

## இலையை விலக்கிப் பார்த்தால்

தாவரப் போர்வையை அளக்கும் பரவலான முறைகளில் ஒன்று நாடாவும் ஊசியும். 50 மீட்டர் நாடாவைத் தரையில் நீட்டி, ஒவ்வோர் அரை மீட்டருக்கும் மெல்லிய கம்பியைச் செங்குத்தாக இறக்குகிறார்கள். கம்பி முதலில் தொடுவது இலையா, சருகா, கல்லா, வெறும் மண்ணா என்று குறிக்கிறார்கள். நூறு புள்ளிகளில் எண்பது இலை என்றால் போர்வை 80 சதவீதம். மரக்கன்றுகளை எண்ணவும் இனங்களைப் பதியவும் ஒரு மீட்டர், பத்து மீட்டர் சதுரச் சட்டகங்கள் உண்டு. எங்கே வைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் வைத்த சட்டகத்தால் பயனில்லை.

இப்படி அளந்ததில் இரண்டு பரப்புகள் தலா 80 சதவீதம் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பரப்பில் புல்லைக் கையால் விலக்கினால் கீழே வழுவழுப்பான மண்தோல். மழைத்துளி அடித்து அடித்து மூடிப்போன பரப்பு அது. புல்தூறுகளுக்கிடையே விரல் அகலத்தில் நீர் ஓடிய சிறு வாய்க்கால்கள். தூறுகளின் மேற்சரிவுப் பக்கம் மண் சேர்ந்து, கீழ்ச்சரிவுப் பக்கம் வேர் வெளியே தெரிகிறது. இரண்டாவது பரப்பில் சருகு மூன்று அடுக்காகக் கிடக்கிறது: மேலே இவ்வாண்டு உதிர்ந்த முழு இலை, அதன் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய துண்டுகள், அதற்கும் கீழே வெண்ணிறப் பூஞ்சை நூல் பின்னிய கருந்தூள், மண்ணோடு ஒட்டிப் பிரிக்க முடியாத நிலையில். இந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்கும். முதல் இடத்தில் ஓடிவிடும். கம்பிமுனை இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுத்தது.

இந்த வேறுபாட்டையே அளவாக்கியது ஆஸ்திரேலியாவில் டேவிட் டாங்வே உருவாக்கிய நிலப்பரப்பு இயக்க ஆய்வுமுறை. மண்ணின் மேற்பரப்பில் 11 அடையாளங்களைக் கூர்ந்து மதிப்பிட்டு, அவற்றிலிருந்து மூன்று குறியீடுகளைக் கணக்கிடுகிறார்கள்: மண் எவ்வளவு நிலையாக இருக்கிறது, நீர் எவ்வளவு உள்ளிறங்குகிறது, சத்துகள் எவ்வளவு சுழல்கின்றன. பெரிய கருவிகள் வேண்டியதில்லை, பயின்ற கண் வேண்டும். எறும்புகளையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்க நிலங்களில் எந்தெந்த எறும்பினங்கள் எப்போது திரும்பின என்பதை ஜோனதன் மேஜர் ஆராய்ந்தபின், எறும்புக் கணக்கெடுப்பு பல நாடுகளின் சுரங்க மீட்புக் கண்காணிப்பில் இடம்பெற்றது. எறும்பை யாரும் நடுவதில்லை. உணவும் ஒதுங்க இடமும் இருந்தால் தானாகவே வரும். நட்டவற்றை எண்ணுவதைவிட, நடாமல் வந்தவற்றை எண்ணுவதில் சேதி அதிகம்.

## அளவுகோலுக்கேற்ற செடி: அப்பலேச்சிய அனுபவம்

அளவுகோல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள அப்பலேச்சிய மலைகளைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. 1977-க்கு முன் அங்கே சுரங்க முதலாளிகள் வெட்டிய செங்குத்துச் சுவர்களையும் கழிவு மேடுகளையும் அப்படியே விட்டுப்போனார்கள். மண் சரிந்தது, ஓடைகள் மண்மூடின. புதிய சட்டம் அதை நிறுத்தியது. நிலத்தைப் பழைய சாய்வுக்கு ஏறக்குறையக் கொண்டுவர வேண்டும், அரிப்பைத் தடுக்கத் தாவரப் போர்வை வேண்டும் என்றது. சுரங்கங்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளர்களின் கண்ணுக்கு வழவழப்பான சரிவும் அடர்ந்த புல்லும் நல்ல வேலையின் அடையாளமாயின.

நிறுவனங்கள் அதையே செய்துகொடுத்தன. புல்டோசரால் மேலும் கீழும் உருட்டி மண்ணை இறுக்கின. விரைந்து படரும், உயரமாக வளரும் ஃபெஸ்க்யூ புல்லையும் லெஸ்பெடீசா என்ற அந்நிய அவரையினத்தையும் விதைத்தன. போர்வை சதவீதம் எளிதில் எட்டியது. மீட்புக்கு உத்தரவாதமாக அரசிடம் கட்டியிருந்த பிணைத்தொகையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த மலைகளில் முன்பிருந்தது ஓக், ஹிக்கரி, மேப்பிள் மரங்கள் செறிந்த காடு. அதன் விதைகள் காற்றோடும் அணிலோடும் வந்து விழுந்தாலும், இறுகிய தரையில் வேர் இறங்கவில்லை. இறங்கிய சிலவற்றையும் புல் மூடி நெரித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் புதரும் புல்லுமாக நின்ற பரப்புகள் மிகப்பல. சட்டம் தோற்கவில்லை. அது கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது காட்டை அல்ல.

2004-இல் தொடங்கிய அப்பலேச்சியக் காடு மீட்பு முயற்சி வேறு செய்முறையை முன்வைத்தது. குறைந்தது நான்கடி ஆழத்துக்கு வேருக்கு உகந்த மண் அல்லது பாறைப்பொருள், அதை இறுக்காமல் தளர்வாகக் கொட்டுவது, மரத்தோடு போட்டியிடாத மெல்லிய தரைச்செடி, முதலில் தழைத்து நிலத்தைப் பண்படுத்தும் மரங்களும் நெடுநாள் காட்டு மரங்களும் கலந்து நடுவது, சரியான முறையில் நடுவது. அப்படிச் செய்த பரப்பு முதல் இரண்டு ஆண்டுகள் பார்க்க அசிங்கமாகவே இருக்கும்: மேடும் பள்ளமும், இடையிடையே வெறும் மண். பழைய அளவுகோலில் அது தோல்வி. ஆய்வாளர்களுக்கு இதைப் புரியவைப்பது நடும் வேலையைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

## கடிகாரம் எப்போது தொடங்குகிறது?

நட்ட ஓராண்டில் 90 சதவீதக் கன்றுகள் பிழைத்தன என்ற செய்தி, நாற்றங்கால் மண்ணுருண்டையும் தண்ணீர் லாரியும் நன்றாக வேலைசெய்தன என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. உரம், நீர், களையெடுப்பு, செத்த கன்றுக்கு மறுகன்று என்று கவனிப்பு இருக்கும்வரை பாறையிலும் பச்சையைக் காட்டலாம். கவனிப்பு நின்ற பிறகுதான் நிலம் தன் நிலையைக் காட்டும்.

அமெரிக்க விதிகள் இதை நன்றாகவே பிடித்திருக்கின்றன. ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேல், அதாவது சுமார் 660 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் பகுதிகளில் பொறுப்புக்காலம் (மீட்ட நிலத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய காலம்) 5 ஆண்டுகள், அதற்குக் குறைந்த பகுதிகளில் 10 ஆண்டுகள். இந்தக் காலம் நட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. கடைசியாகக் கூடுதல் விதைப்போ உரமோ பாசனமோ செய்த ஆண்டுக்குப் பிறகே தொடங்கும். நடுவில் உதவினால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து. மரங்களுக்குத் தனி நிபந்தனையும் உண்டு: தேர்வில் எண்ணப்படும் மரங்களில் 80 சதவீதமாவது பொறுப்புக்காலத்தின் 60 சதவீதத்தை அந்த மண்ணில் கழித்திருக்க வேண்டும். கடைசி மாதத்தில் நட்டு எண்ணிக்கையை நிரப்பும் தந்திரத்துக்கு வைத்த பூட்டு அது.

ஐந்தோ பத்தோ ஆண்டுகளும் சில ஆபத்துகளுக்குப் போதாது. பைரைட் உள்ள மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தால், அது தீரும்வரை எல்லாம் நலமாகத் தெரியும். தீர்ந்ததும் பிஎச் அளவு சரிந்து, நன்கு வளர்ந்த செடிகள் திட்டுத்திட்டாக மடியும். செடியைப் பார்த்து இதை முன்கூட்டி அறிய வழியில்லை. மண்ணில் அமிலம் தரும் பொருள் எவ்வளவு, நடுநிலையாக்கும் பொருள் எவ்வளவு என்று ஆய்வகத்தில் வரவு செலவு போட்டால்தான் தெரியும். தாவர அறிக்கையோடு இந்தக் கணக்கு இணைக்கப்படவில்லை என்றால், அமிலத் தாதுப் பகுதிகளில் அந்த அறிக்கை அரைகுறைதான்.

காலத்தைக் கடந்து பார்க்க உதவும் மற்றொரு சோதனை அடுத்த தலைமுறை. நட்ட மரங்கள் பூத்துக் காய்த்து, விதை விழுந்து, அதிலிருந்து முளைத்த கன்றுகள் நிற்கின்றனவா? ஆரோக்கியமான காட்டில் தண்டின் பருமன்வாரியாக எண்ணினால் இளங்கன்றுகள் மிகுதியாகவும் பெருமரங்கள் குறைவாகவும் இருக்கும். எல்லா மரமும் ஒரே பருமன், கீழே ஒரு கன்றும் இல்லை என்றால், அந்தத் தோப்பு ஒரு தலைமுறையோடு முடியப்போகிறது.

## இனங்களை எண்ணுவதும் போதாது

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாரா என்ற யூக்கலிப்டஸ் இனம் செறிந்த காடுகளில் 1960-களிலிருந்து பாக்சைட் வெட்டப்படுகிறது. தொடக்கக் காலத்தில் அங்கே நடப்பட்டவை பைன் மரங்களும் கண்டத்தின் வேறு பகுதிகளின் யூக்கலிப்டஸ்களும். பின்னர் ஜாராவுக்கே திரும்பினார்கள். மேல்மண்ணைச் சேமித்துவைக்காமல் உடனே விரிப்பது, உள்ளூர் விதை சேகரிப்பது, விதையால் வளராத இனங்களைத் திசு வளர்ப்பில் பெருக்குவது என்று முறைகள் மேம்பட்டன. 2000-களின் தொடக்கத்தில், நட்டுச் சுமார் 15 மாதமான பரப்புகளில் தாவர இனங்களின் எண்ணிக்கை தோண்டாத காட்டுக்கு நிகராக, 100 சதவீதத்தை எட்டியது. சுரங்க மீட்பு உலகில் அது பெருஞ்சாதனை, ஐயமில்லை.

அந்தக் காட்டையே 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சூழலியல் மீட்புச் சங்கத்தின் ஐந்து நட்சத்திர அளவுகோலில் வைத்துப் பார்த்தது. கிடைத்தது இரண்டு நட்சத்திரம். இரண்டு முடிவுகளும் முரணல்ல. எத்தனை இனங்கள் என்பது ஒரு கேள்வி, எந்த இனம் எவ்வளவு என்பது வேறு கேள்வி. விதையால் விரைந்து பெருகும் அக்கேசியாக்கள் மிகுந்து, நெருப்புக்குப் பின் கிழங்கிலிருந்து துளிர்க்கும் மெல்ல வளரும் செடிகள் அரிதாகி இருந்தாலும் இன எண்ணிக்கை குறையாது. மரப்பொந்தில் முட்டையிடும் கறுப்புக் காக்கடூக் கிளிகளுக்கு நூறாண்டைத் தாண்டிய மரம் வேண்டும். அதை எந்தத் திட்டத்தாலும் அவசரப்படுத்த முடியாது.

மேற்சொன்ன அளவுகோல் 2016-இல் வெளியிடப்பட்டு 2019-இல் திருத்தப்பட்டது. அச்சுறுத்தல்கள் நீங்கியது, மண் நீர் நிலைமை, இனக்கலவை, அடுக்கமைப்பு, இயக்கம், சுற்றுப்புறத்தோடு கொடுக்கல் வாங்கல் என்று ஆறு கூறுகளைத் தனித்தனியே மதிப்பிடுகிறது. ஒரே எண்ணாகச் சுருக்காமல் சக்கரப் படமாகக் காட்டுவதே இதன் பலம். எதில் தேறியது, எதில் தேறவில்லை என்பது ஒளிந்துகொள்ள இடமில்லை.

## வானத்திலிருந்து தெரிவது

செயற்கைக்கோள் ஆதாரம் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் தாவரக் குறியீடு. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1 முதல் +1 வரை ஓர் எண் கிடைக்கும். பச்சை கூடக்கூட எண் கூடும். லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டர் சதுரம், சென்டினல்-2 படங்களில் 10 மீட்டர். 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ச்சியாகப் படங்கள் இருப்பதால், ஒரே இடத்தின் முழு வரலாற்றையும் இலவசமாகப் பார்க்க முடிகிறது.

இந்த எண்ணுக்கு மரமும் களையும் ஒன்று. இலை அடர்ந்துவிட்டால் அதற்குமேல் எண் உயராது, எனவே இளந்தோப்பும் முதிர்காடும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆக, ஒரே ஒரு படத்தைக் காட்டி வெற்றி என்று சொல்வதில் பொருளில்லை. ஆண்டுக்கணக்கான வரிசையாகப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. வறட்சி ஆண்டில் ஒப்பீட்டு நிலத்தைவிட மீட்ட நிலம் எவ்வளவு ஆழமாகச் சரிந்தது, மழை திரும்பியதும் எவ்வளவு விரைவில் எழுந்தது என்பதைத் தரையில் நாடா பிடித்து அளப்பதைவிட வானத்திலிருந்து அளப்பதே எளிது.

## நட்டுத்தான் ஆக வேண்டுமா?

சங்கடமான ஒரு கேள்வியும் இருக்கிறது. செக் நாட்டில் பழுப்பு நிலக்கரிக் கழிவு மேடுகளை நெடுங்காலம் ஆராய்ந்த காரெல் பிராக், சமன்செய்து மரம் நட்ட பரப்புகளைவிட, ஒன்றும் செய்யாமல் தானாக மூடிக்கொள்ள விட்ட பரப்புகள் பல இடங்களில் இனவளம் மிக்கவையாக இருப்பதைக் காட்டினார். அருகில் இயற்கைத் தாவரங்கள் இருந்து விதை வந்து சேர வழியிருக்க வேண்டும், மண் கடும் அமிலமாகவோ நச்சாகவோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் பொருந்தும் இடத்தில், நட்ட பரப்பை வெற்று மண்ணோடு ஒப்பிட்டு வெற்றி என்பது நியாயமில்லை. நடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். கன்றுகளின் எண்ணிக்கையைப் பெருமையாக அறிவிக்கும் திட்டங்களில் இந்த ஒப்பீட்டையும் தேட வேண்டும்.

## கையெழுத்தான பிறகு

இந்த அளவீடுகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது ஒரு கையெழுத்தில்தான். சுரங்கம் தொடங்கும் முன் நிறுவனம் அரசிடம் கட்டும் பிணைத்தொகை கட்டம் கட்டமாக விடுவிக்கப்படுகிறது. அமெரிக்க விதிகளில் குழி நிரப்பிச் சமன்செய்து வடிகால் அமைத்ததும் 60 சதவீதம் வரை விடுவிக்கலாம். தாவரம் நிலைபெற்றதும் மேலும் ஒரு பகுதி, பொறுப்புக்காலம் முடிந்ததும் மிச்சம். நிலத்தை உருட்டிச் சமமாக்கும்போதே பெரும்பங்கு பணம் கைக்கு வந்துவிடுகிறது என்பதையும், மரத்துக்கு உகந்த தளர்வான மண் அந்தக் கட்டத்தில்தான் உருவாகவோ கெடவோ செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசிக் கையெழுத்துக்குப் பின் செடிகள் மடிந்தால் நிறுவனத்தை மீண்டும் அழைப்பது மிகக் கடினம். செலவு நில உரிமையாளர் தலையிலோ அரசின் தலையிலோ விழும். எனவே விடுவிப்பு அறிவிப்பு வெளியாகி, கருத்துச் சொல்ல அவகாசம் இருக்கும்போதே கேட்க வேண்டியவை இவை:

1. வெற்றியின் வரையறை எந்த ஆண்டில் எழுதப்பட்டது? இடையில் திருத்தப்பட்டதா?
2. ஒப்பீட்டு நிலம் எது, அதை யார் தேர்ந்தெடுத்தார்?
3. எத்தனை மாதிரிகள், நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?
4. கடைசியாக உரமும் நீரும் மறுகன்றும் எப்போது கொடுக்கப்பட்டன?
5. நடாத இனங்கள் எத்தனை வந்தன, நட்டவற்றின் வாரிசுகள் எத்தனை முளைத்தன?
6. ஒரு மீட்டர் ஆழத்தில் மண்ணின் இறுக்கமும் அமிலக் கணக்கும் என்ன?

ஆறாவதற்கு விடை தேட ஒரு குழி வெட்ட வேண்டும். தாவர மதிப்பீட்டு அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்தக் குழிதான்.